நாலாவது வரிசை

மார்ச் 12, வியாழன்.

சோதனைத் தட்டில் மிஞ்சிய ஒரு வரிசைக் குழிகளை வீணாக்குவதில்லை என்று திங்கட்கிழமை முடிவெடுத்தேன். எங்கள் ஆய்வகத்தின் வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு என்றே நினைத்தேன்.

எல்லாக் குழிகளிலும் என் ரத்தத்தின் வெள்ளணுக்கள். அவற்றைப் பெருகத் தூண்டிவிட்டு, இரண்டு வரிசைகளில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு சேர்த்தேன். முதல் வரிசைக்கு எதுவும் இல்லை. மிஞ்சிய நாலாவதில், ஆய்வக உதவியாளர் செல்வராசு அண்ணன் மூட்டு வலிக்குக் கொட்டாம்பட்டி வைத்தியரிடம் வாங்கிச் சாப்பிடும் மூலிகைப் பொடியைக் கரைத்து வடிகட்டி விட்டேன்.

இன்று நானும் அண்ணனும் பார்த்தோம். முதல் வரிசை கொத்துக் கொத்தாகப் பெருகியிருந்தது. ஸ்டீராய்டு வரிசைகளில் அணுக்கள் சாகவில்லை, பெருகவும் இல்லை. நாலாவதும் அப்படியே.

"என்ன சார், நம்ம பொடி பாஸா?"

"ஸ்டீராய்டு கலந்திருக்கும் போல அண்ணே. சட்டுன்னு நிறுத்திராதீங்க, அதுவும் ஆபத்து. நாளைக்கு டாக்டர்ட்ட போவோம்."

"கொட்டாம்பட்டிக்காரரு வெறும் வேருன்னுல்ல சொன்னாரு! உங்க அம்மாவுக்கும் நீங்கதான சார் வாங்கியாரச் சொன்னீக?"

ஆமாம், நான்தான். நோய் எதிர்ப்பியல் பாடம் நடத்துகிறவன்.

வீட்டில் அம்மா கைத்தடி இல்லாமல் வந்து கதவைத் திறந்தாள். "சிம்மக்கல் வரைக்கும் நடந்தே போயிட்டு வந்தேன்டா. காலு அம்புட்டு லேசா இருக்கு."

நாளைக்கு டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"எனக்கு என்னடா கேடு?" என்றாள்.

அவள் குதிகாலில் முள் குத்தி ஐந்து வாரம் ஆகிறது. புண் இன்னும் மூடவில்லை.