மயிலுக்கு நீல இமை

ஆனந்த வருஷம், புரட்டாசி 6. இரவு.

பள்ளி நாடகத்தில் மயிலாக ஆடும் செண்பகத்துக்கு இன்று ஒத்திகை. இமைக்கு நான்தான் நீலம் தீட்டினேன். பொடியில் எண்ணெய் கூடிவிட்டது. அவள் கண்ணைக் கசக்கியதும் நீலம் கன்னம்வரை இறங்கிவிட்டது.

அவள் அம்மா பார்த்துவிட்டார். "பி.ஏ. படிச்ச கைக்கு ஒரு கண்ணு எழுத வரலையே டீச்சரம்மா. யாரோ பிள்ளைய அடிச்ச மாதிரில்லா இருக்கு. கழுவிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. இன்று வந்தது. "தண்ணி பட்டா இன்னும் பரவும். கொஞ்சம் பொறுங்க" என்றேன். தேய்க்காமல், உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுத்தேன். மிச்சத்தை எண்ணெய் தொட்ட திரியால் துடைத்து, மேலே அரிசி மாவு தூவினேன்.

"மயிலு கண்ணைக் கசக்காதுல்லா டீச்சர்?" என்றாள் செண்பகம். அம்மா சிரித்துவிட்டார். ஆடவும் விட்டார்.

ஆனால் தலைமையாசிரியை, நாளை நாடகத்துக்கு வெறும் கண்மை போதும் என்கிறார். வெறும் மை போட்டால் அது காக்கைதான். நாளை கண்ணுக்குக் கீழே முதலிலேயே மாவு பூசிவிடுவேன். எண்ணெய் ஒரு சொட்டுக்கு மேல் கிடையாது. நிறம் நீலந்தான். கேட்டால், அவர் முகத்தைப் பார்த்தே சொல்வேன்.