பேப்பரில் மாமா பெயர்

காஜா பேராங், மலாக்கா
14.6.1959

அன்புள்ள மகன் நல்லையாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கை கோகிலாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் சுப்பையன் மாமாவைப் பற்றி மட்டும் அப்படி எழுத முடியவில்லை.

உன் கடிதம் வந்தது. மீன்பிடிக் கொள்கையைப் பற்றி எழுதப் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லித்தரும் அந்தக் கோலாலம்பூர் வகுப்பில் மாமாவைப் பற்றிய உன் கட்டுரைதான் முதலாவது என்று பாடம் நடத்தும் துரை பாராட்டினாராம், அடுத்த வகுப்பில் மாமாவையே கொண்டுவந்து பேச வைக்கப் போகிறார்களாம், பஸ் செலவும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பாம். கிழித்துப் போடத்தான் தோன்றியது, அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து இதோ ஏழை மீனவன் என்று காட்டப் போகிறீர்களா? அவர் இப்போது மீனவரே இல்லை, அது உனக்குத் தெரியுமா?

போன மாதம் நீ வந்திருந்தபோது நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். படகும் வலையும் அந்தச் சீன முதலாளி தவுக்கேயுடையது, பிடித்ததையெல்லாம் அவன் சொன்ன விலைக்கு அவனிடமே போட வேண்டும், நிறுவையிலும் ஏமாற்றுகிறான் என்றார். நீ எழுதிக்கொள்வதைப் பார்த்து, டேய் மருமவனே, இதெல்லாம் பேப்பர்ல போட்டுறாதடா என்றார். தவுக்கே தமிழ்ப் பேப்பரா படிக்கப் போறான், சும்மா சொல்லுங்க மாமா என்று சிரித்தாய். அவன் படிக்க மாட்டான்தான். அவனுக்குக் கணக்கெழுதும் கிராணி பொன்னுதுரை படிப்பானே. நம் ஆள், காட்டிக்கொடுக்க மாட்டான் என்று நினைத்தாயா? அவன் உத்தியோகமே அதுதான். உஜோங் பாசிர் கரையில் எல்லோர் முன்னாலும் உன் கட்டுரை வந்த பேப்பரை விரித்து வரி வரியாக மலாயில் சொன்னானாம். தவுக்கே கத்தவில்லையாம். நல்லா பேசுறே சுப்பையா, இனிமே பேச்சையே பிடிச்சு வித்துக்கோ என்று சொல்லிவிட்டுப் படகைவிட்டு இறங்கச் சொன்னானாம். அன்றிலிருந்து வேறு எந்தத் தவுக்கேயும் அவரைச் சேர்க்கவில்லை.

மீனவருக்குக் கூட்டுறவுச் சங்கம் சொந்தப் படகு கொடுக்கிறது என்று அதே பக்கத்தில் நீயே புகழ்ந்திருந்தாய். அதை நம்பி மாமா பண்டார் ஹிலிர் ஆபீசுக்குப் போனார், நானும் கூடப் போனேன். நீ மீனவன்தான் என்று இதுவரை வேலை செய்த படகுக்காரரிடம் கடிதம் வாங்கி வா என்றார் அங்கிருந்தவர். தவுக்கேயிடமிருந்து தப்பிக்கத் தவுக்கேயின் கையெழுத்து வேண்டுமா துவான் என்று மரியாதையாகவே கேட்டேன். சட்டம் அப்படித்தாம்மா, கோலாலம்பூர்ல போய்க் கேளுங்க என்றார். கோலாலம்பூரில் நீ இருக்கிறாய், உனக்குப் பாடம் நடத்தும் துரைமார் இருக்கிறார்கள். கேள். சீர்திருத்தம் சீர்திருத்தம் என்று காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிப் பழகுகிறீர்களே, இதை எழுதுங்கள். இந்த மாதத்துக்குள் சங்கத்தில் சேர்க்காவிட்டால் பால்மரம் வெட்ட ரப்பர் தோட்டத்துக்கே திரும்பிவிடுவேன் என்கிறார் மாமா. அங்கே கங்காணியிடம் பட்ட அடி போதும் என்று கடலுக்கு வந்த மனிதர் அவர்.

இன்னொன்றும் கேட்கிறேன். உன் கட்டுரையைக் கோகிலா உரக்கப் படித்தாள். மாமா பெயர் இருக்கிறது, அவர் அப்பா பெயர் இருக்கிறது, எந்தக் கரை என்று இருக்கிறது, படமும் இருக்கிறது. எழுதியவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நமது நிருபர் என்று இருக்கிறது. போட வேண்டாம் என்றது உன் ஆசிரியரா, நீயா? இந்த முறை அந்த ஆபீசைப் பற்றி எழுது, அடியில் உன் பெயரையும் உன் அப்பா பெயரையும் போடு. வேலை போனால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது.

பொய்யாத விநாயகர் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் கொடுக்கட்டும். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. மாமா உங்கள் வகுப்புக்கு வர மாட்டார். உன் பெயர் போட்ட பேப்பரை நீயே கொண்டுவந்து அவர் கையில் கொடு, பிறகு வேண்டுமானால் அவரைக் கூப்பிட்டுப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாக்கியலட்சுமி மருதமுத்து