ஆறு வீட்டு டீ

அன்புள்ள மாப்ளே செல்லத்துரை,

போய்ச் சேர்ந்தவனிடம் ‘நலமா’ என்று கேட்டால் நீயே சிரிப்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். டீ கிடைக்கவில்லையடா.

ஐந்து மாதமாகப் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு டீக்கு அலைகிறேன் என்றால் திருநெல்வேலியில் எவன் நம்புவான்? ஆன்லைனில் விற்கிற எல்லாரும் ‘தோட்டத்திலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு’ என்றுதான் போடுகிறார்கள். படத்தில் மலை, பனி, கூடை. பிரித்தால் பாதி காம்பு, மீதி தூள். ஒருத்தன் அனுப்பியதில் அட்டைப்பெட்டி வாசம் தவிர வேறு வாசமே இல்லை. நன்றாயிருக்கிறதே என்று பார்த்தால் விலை நெஞ்சை அடைக்கிறது. எங்கள் சமையலறை அலமாரியில் ஒன்பது பொட்டலம் பிரித்தபடி கிடக்கிறது. “இது வீடா, டீ குடோனா?” என்று என் வீட்டுக்காரி லட்சுமி தினமும் கத்துகிறாள்.

நீ எப்படித்தான் பிடித்தாயோ? மொத்தமாக மூன்று கிலோ எடுத்தால் விலையை இறக்குவான் என்று ஆறு வீட்டைக் கூட்டுச் சேர்த்தாய். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் என் பக்கத்து மேஜையில் ஃபைல் தள்ளிக்கொண்டிருந்தவனுக்கு இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது? முதலில் ஐம்பது கிராம் வரவழைத்துக் குடித்துப் பார்ப்பாய். எந்த மாதம் பறித்தது என்று சொல்லாதவனிடம் வாங்கவே மாட்டாய். டார்ஜிலிங் இலையைப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டு, சாயமே இறங்கவில்லை என்று நான் குறை சொன்னேனே, தலையில் அடித்துக்கொண்டாய். “ஏலே, கோட்டிக்காரா! அத வெந்நீர்ல மூணு நிமிஷம் ஊறப்போட்டு வடிக்கணும்ல. பால்ல போடத்தான் வேணும்னா அஸ்ஸாம் குருணைய வாங்கிக் குடி.”

மாதத்தின் முதல் ஞாயிறு, பவானிபூரில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் தராசு வைத்துப் பங்கு பிரிப்போம். பத்து நிமிஷ வேலை. ஆனால் பன்னிரண்டு மணிக்கு முன்னால் எவன் எழுந்து போனான்? உன் பார்வதி உளுந்த வடையைச் சுட்டுச் சுட்டுப் போடுவாள். மாடி வீட்டு வங்காளத்து அண்ணன் தத்தா தா நெய் தோசை கேட்டு அடம்பிடிப்பார். ஒரே சத்தமாக இருக்கும்.

நீ போனபின் அந்த ஞாயிறு நின்றுபோனது. அவரவர் அவரவர் போனில் ஏதோ ஒரு டீயை வாங்கிக்கொள்கிறார்கள். உன் மகனும் காரியம் முடிந்து பெங்களூர் போய்விட்டான். ஒருநாள் தத்தா தா கூப்பிட்டு, “ஷண்முகம் பாபு, சா கோதாய்? டீ எங்கே?” என்று ஆரம்பித்தார். “பார்வதி பௌதி கீழே தனியா இருக்காங்க. டீ பங்குன்னு சொன்னா இறங்கிப் போகலாம். சும்மா போய் எப்படி மணி அடிக்கிறது?” என்றார்.

அன்றைக்குத் தொடங்கினேன். நல்ல டீ, கட்டுப்படியாகிற விலையில் ஒன்று அமைந்தால் போதும், ஆறு வீடும் மறுபடி பார்வதி வீட்டில் உட்காரும். அதற்காகத்தான் இந்த அலைச்சல் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

உன்னிடம் எதற்குப் பொய்?

கடைசி ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தடவை வந்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லார் முன்னாலும் நான் சொன்னேன்: “இது டீயா மாப்ளே, மாட்டுக்குப் போடுத வைக்கோலா?” எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பார்வதி மட்டும் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை காலை நீ இல்லை. நாற்பது வருஷமாக நாம் பேசிக்கொள்கிற பேச்சுத்தானே அது? விளையாட்டு என்று தெரிந்துதானே சிரித்தாய்? சொல்லித் தொலையேன்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு உன் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. நாங்கள் இருக்கிற ஹவுராவிலிருந்து இப்போது ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ஓடுகிறது, போவது ஒரு பாடே இல்லை. பார்வதியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று ஊரைக் குறை சொல்கிறேனே, எட்டிப் பார்க்காதவர்களில் முதல் ஆள் நான்தான். நல்ல டீயோடு போய் நின்றால் அந்தச் சொல் அழிந்துவிடும் என்று ஒரு எண்ணம். போன வாரம் வந்த பொட்டலத்தைக் குடித்துவிட்டு லட்சுமி, “நல்லாத்தானே இருக்கு? விலையும் பரவால்ல” என்றாள். வாசம் போதாது என்று அதையும் ஒதுக்கினேன். நன்றாகத்தான் இருந்தது மாப்ளே. போகப் பயம்.

நேற்றுச் சாயங்காலம் பார்வதியே போன் பண்ணினாள்.

“அண்ணே, இன்னும் டீ தேடிக்கிட்டே இருக்கியளாமே? லட்சுமி மைனி சொன்னாவ.”

“ஆமா தங்கச்சி. ஒண்ணும் சரியா அமையல.”



“நான் என்னைக்குண்ணே டீ குடிச்சிருக்கேன்? எனக்குக் காப்பிதான். டீ எப்படி இருந்தா எனக்கென்ன? நீங்க வாங்க. வெறுங்கையோட வாங்க.”

இத்தனை வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், அவள் கையில் டீ டம்ளரே இருந்ததில்லை என்பதைக் கவனிக்கவில்லையடா. அழுதுவிட்டேன். லட்சுமிதான் போனை வாங்கிப் பேசினாள்.

இந்த ஞாயிறு போகிறேன், சத்தியமாகப் போகிறேன். தத்தா தாவைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டேன். மற்ற வீட்டுக்காரர்களை இழுத்து வருவது என் பொறுப்பு. பார்வதி தருகிற காப்பியைக் குடித்துவிட்டு, அன்றைக்குப் பேசிய பேச்சுக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்பேன். அவள் திட்டினால் வாங்கிக்கொள்வேன். உன்னிடமும் அந்த மன்னிப்பைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உன் மச்சான்,
ஷண்முகம்