வெட்டி எறிந்த துண்டுகள்

எடிட்டிங்கில் கெட்டிக்காரரான என் வீட்டுக்காரருக்கு,

என் குறட்டையைப் பதிவு செய்து, உங்கள் தங்கை வீட்டு விருந்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினீர்களே, அதைத்தான் நெஞ்சுப் படபடப்புக்காகப் பார்க்கப்போன இதய மருத்துவரிடமும் கொடுத்தேன். "நடுநடுவுல ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கேம்மா, முழுசா இல்லையா?" என்றார்.

அன்று நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள்: "சத்தமே இல்லாத இடத்துல சிரிப்பு வராது, வெட்டிட்டேன்."

உங்கள் கணினியில் முழுப் பதிவையும் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் தூங்கவைத்தும் பரிசோதித்தார்கள். அந்தச் சத்தமில்லாத இடங்களில் தொண்டை அடைத்து எனக்கு மூச்சே நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் எகிறி, இதயம் தனியாகக் கிடந்து மல்லாடியிருக்கிறது. இப்போது துடிப்பு தாறுமாறாகிவிட்டது.

அக்கா வீட்டில், மூச்சு நிற்காமல் காற்றைச் செலுத்தும் முகமூடியை மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறேன்.

பதினான்கு வருடம் உங்களோடு இருந்ததில் எனக்கும் கொஞ்சம் வெட்டி ஒட்ட வரும். நீங்கள் எறிந்த துண்டுகளை மட்டும் ஒட்டினேன். ஒன்பது நிமிடம் வந்தது. அதில் மின்விசிறிச் சத்தமும், வாயைப் பொத்திக்கொண்டு நீங்கள் சிரிக்கிற சத்தமும்தான் இருக்கின்றன. விருந்துக்கு வந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டேன்.

உங்கள் தங்கைதான் முதலில் கூப்பிட்டாள். "அண்ணி, முழிச்சுத்தானே இருந்தாரு, அண்ணன் ஏன் உங்களை எழுப்பலை?"

"அவர்கிட்டயே கேளு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிக்கொண்டு அதை உங்களிடம் கேட்கத்தான் வருகிறாள். பதில் வராமல் நீங்கள் நிற்கிற நேரத்தை அங்கே யாரும் வெட்டித் தரமாட்டார்கள்.

இப்படிக்கு,
மூச்சு நின்றபோது உங்கள் பக்கத்தில் படுத்திருந்தவள்