என் வாயில் வராத சொல்

ஐப்பசி 4, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று ஒடிந்திருக்கிறது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை, வியாழன் வரச் சொல்கிறான்.

கோர்ட்டில் திருவிழாக் கூட்டம். பாதிப் பேர் அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள். வழக்குக் கேட்க அல்ல, நாடக நடிகரைப் பார்க்க. அவர் பெயரை இங்கேயும் எழுதக் கை வரவில்லை. ந. போதும். அவர் பாடிய கிராமபோன் பிளேட் நம் வீட்டிலும் உண்டு. உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கும்பிட்டுவிட்டேன். கோர்ட் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா, கூண்டில் ஏறப்போகும் எதிரியைக் கும்பிடலாமா? கை தானாக எழுந்தது.

புகார் கொடுத்தவள் கனகா. பஜார் தெருவில் தையல் மிஷின் வைத்திருப்பவள். புருஷன் முருகேசன், ரயில்வே கேங்மேன். ஆடிக் கிருத்திகைக்கு நாடகம் போட வந்த ந., சட்டை கிழிந்துவிட்டது என்று தான் தங்கியிருந்த பங்களாவுக்கு அவளைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். மாஜிஸ்திரேட் கடலோரத் தெலுங்கர், தமிழ் தெரியாது. அவள் சொல்வதை நான் இங்கிலீஷில் சொல்ல, அவர் எழுதுவார்.

தலை நிமிர்ந்துதான் சொன்னாள். "கதவைச் சாத்திக்கினு வாயைப் பொத்திட்டாருங்க. திமிறினேன், வுடல. என்னைக் கெடுத்துட்டாருங்க."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ந.வும். அதற்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியாதா? 'மிஸ்பிஹேவ்' செய்தார் என்றேன். ஏதோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி. பொத்தியது, திமிறியது எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் போய்விட்டது.

கடைசியில், எழுதிய வாக்குமூலத்தை நான் அவளுக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். தாளைப் பார்த்தபடி, தாளில் இல்லாததை, அவள் வாயால் சொன்னதையே தமிழில் திருப்பிச் சொன்னேன். "ஆங், சரிங்க" என்று கையெழுத்துப் போட்டாள்.

ஐப்பசி 6, புதன்

வெயில். பட்டணத்து வாரப் பத்திரிகை வந்தது. ஸ்டேஷனில் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள். தலைப்பு: 'தையல் போட்ட தையல்!' அவள் பெயர், புருஷன் பெயர், தெரு, கடைக்கு அடையாளம், எல்லாம் இருக்கிறது. ந.வுக்கு மாலை போட்ட படம். அவள் மை தீட்டி, சிவப்பு ரவிக்கை போட்டுக் கோர்ட்டுக்கு வந்தாளாம். கட்டியிருந்தது பழுப்புப் புடவை, பழைய வெள்ளை ரவிக்கை. பக்கத்தில் நின்றவன் நான்.

காபி கிளப்பில்:

"அவருக்கு இன்னாபா கொறச்சல்? இவகிட்டயா போவணும்?"

"பேப்பர்ல பேரு வரணும்னு பண்றாபா."

நானும் அங்கேதான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். சட்னியில் உப்பு அதிகம்.

ஐப்பசி 8, வெள்ளி

குறுக்கு விசாரணை. ந.வுக்குப் பட்டணத்து வக்கீல், பட்டுத் தலைப்பாகை. அவர் இங்கிலீஷில் கேட்பதை நான் தமிழில் அவளிடம் கேட்க வேண்டும். நாடகத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்தாய்? கை தட்டினாயா? பங்களாவுக்குப் போனபோது பூ வைத்திருந்தாயா? ரவிக்கைக்கு எத்தனை கொக்கி? ஒன்று விடாமல் கேட்டேன். இதற்கெல்லாம் வார்த்தை தடையில்லாமல் வந்தது.

நடுவில் என்னைப் பார்த்து, "இதெல்லாம் அவர் கேக்கறாருங்களா, நீங்க கேக்கறீங்களா?" என்றாள்.

கூட்டம் சிரித்தது. நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

பிறகு வக்கீல் தாளைத் தூக்கிக் காட்டினார். திங்கள்கிழமை வெறும் மிஸ்பிஹேவ். இன்று கேள்விக்குப் பதிலாக, வாயைப் பொத்தினார், கெடுத்தார் என்று தமிழில் சொல்கிறாள். தையல்காரி அல்லவா, பூ வேலை செய்கிறாள் என்றார். மறுபடி சிரிப்பு. அதையும் தமிழில் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. "அன்னிக்கே சொன்னேனுங்களே! இவர்கிட்டதான் சொன்னேன். இவரைக் கேளுங்க!" விரல் என் மார்புக்கு நேராக.

மாஜிஸ்திரேட் என்னிடம், என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"முன்பே சொன்னதாகச் சொல்கிறாள்" என்று மட்டும் சொன்னேன்.

ஐப்பசி 9, சனி

மனைவி சரஸ்வதியிடம் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் கோர்ட் விஷயத்தை வீட்டில் சொன்னதில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பட்டவ அவ. அவ வாயில வந்தது உங்க வாயில வர்லியா?"

"அத்தனை பேர் முன்னாடி எப்படிடீ..."

"அவளும் அத்தினி பேர் முன்னாடிதானே சொன்னா?"

மறுபடி முறத்தை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்தாள்.

ஐப்பசி 11, திங்கள்

கோர்ட் ஆரம்பித்ததும் எழுந்து நின்றேன். முதல் நாள் நான் தப்பாக மொழிபெயர்த்தேன், அவள் சொன்னது இது என்று அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னேன். மாஜிஸ்திரேட் காதில் விழவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். எனக்கும் அவளுக்கும் எத்தனை நாளாய்ப் பழக்கம்? தனியாகக் கடைக்குப் போனதுண்டா? இரண்டு கேள்விதான். அதற்கே மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அவளை இரண்டு நாள் நிற்கவைத்துக் கேட்டோம்.

மாஜிஸ்திரேட் திருத்தி எழுதிக்கொண்டார். என்னை வேலையிலிருந்து நிறுத்தி உத்தரவு. ந. இன்று என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அது ஏன் எனக்கு உறைக்க வேண்டும்? உறைத்தது. எழுதவே கூசுகிறது.

ஐப்பசி 14, வியாழன்

மண்ணெண்ணெய் கிடைத்தது. வழக்கு ஜில்லாத் தலைநகர் சித்தூரில் உள்ள செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகிறது. ந.வுக்கு ஜாமீன். ஸ்டேஷனில் மாலை, மேளம். பத்திரிகையில் இந்த வாரம் நானும் உண்டு: 'குமாஸ்தாவையும் தைத்தாள்.'

ஐப்பசி 15, வெள்ளி

பஜார் தெருவுக்குப் போனேன். கடைப் பலகையில் யாரோ சாணி அடித்திருக்கிறார்கள். முருகேசன் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். என்னை உட்காரச் சொல்லவில்லை.

கனகா உள்ளேயிருந்து வந்தாள். "மன்னிச்சுக்கோம்மா" என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டுங்க. சித்தூர்ல நான் சொல்றத யாருங்க மாத்திச் சொல்வாங்க?"

"தெரியலம்மா. வேற ஆள் இருப்பாங்க."

"பொம்பளையா இருக்குமா?"

அந்த வேலையில் பெண்கள் இல்லை என்றேன்.

"அப்போ அந்த இங்கிலீஷ் வார்த்தைய எனக்குச் சொல்லிக் குடுங்க. நானே சொல்லிக்கிறேன்."

முருகேசன் கழுவுவதை நிறுத்தினான். அவனுக்கு எதிரில் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். உச்சரிப்பு சரியில்லை. இன்னொரு தரம் என்றேன்.