பென்சிலில் எழுதிய பெயர்கள்

செப்டம்பர் 5, வெள்ளி. புழுக்கம்.

சபை வரலாற்றில் திருப்புமுனை. ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு இனி எச்.பி. பென்சில் இல்லை, டூ பி. கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. எச்.பி. அழித்தாலும் தடம் நிற்கிறதாம். புதுப்பட்டினம் கடைக்கு நானே போய் வாங்கினேன். ரப்பர் இலவசம்.

வழக்கம் இதுதான்: பேனாவால் எழுதினால் ஆள் கிறிஸ்தவர். கிறிஸ்தவர் என்றால் எஸ்.சி. சான்றிதழ் செல்லாது. வேலை, படிப்பு, தேர்தல் எல்லாம் அந்தத் தாளில் தொங்குகின்றன. ஆகவே பென்சில். யாராவது விசாரிக்க வந்தால் ரப்பர். இருபது வருடமாக எழுதுகிறவன் நான். என் பெயர் 14ஆம் பக்கம். பென்சில். அந்தச் சான்றிதழில் வந்த சர்க்கார் வேலை, ரிட்டயராக மூன்று வருடம் பாக்கி.

பல்வலி. கிராம்பு.

7, ஞாயிறு. வெயில்.

பாஸ்டர் பிரசங்கம்: முழுக்கு ஞானஸ்நானம் என்பது அடக்கம், பழைய ஆள் தண்ணீருக்குள் சாகிறான், புது ஆள் எழுகிறான். ஆமென் பலமாக. நாங்களும் முறைப்படி அடக்கமானவர்கள்தான். கல்லறையில் பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

முடிந்ததும் எல்லம்மா வந்தாள். எங்கள் நான்காம் வார்டு மெம்பர், எஸ்.சி.க்கு ஒதுக்கிய வார்டு. எட்டு வருடமாகக் கடைசிப் பாயில் உட்காருகிறவள். அடுத்த ஞாயிறு முழுக்கு எடுக்கிறாளாம். வாழ்த்தினேன். புதுப் பென்சிலைக் காட்டினேன்.

"இன்னாண்ணே இது, நான் இன்னா ஒண்ணாங்கிளாஸா? பேனாவுல எழுது."

"மெம்பர் பதவி போயிடும்மா."

"போவட்டும். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு எத்தினி நாளு நடிச்சிகினு கெடக்கறது?"

9, செவ்வாய். பல்வலி அதிகம்.

எல்லம்மாவின் தம்பி வந்தான். "அண்ணாத்த, நீயாவது சொல்லு. சாமிக்குத் தெரிஞ்சா பத்தாதா? ஆபீசுக்கு இன்னாத்துக்கு?" நல்ல இறையியல். என்னுடையதும் அதுவே. "அக்கா வந்தப்புறந்தான் நம்ம தெருவுக்குத் தண்ணி வந்துச்சு. சுடுகாட்டு ரோடு பாதியில நிக்குது."

நியாயம். எல்லம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"ரோடு ஆர்டர் ஆயிடுச்சிண்ணே. எவன் மெம்பரா வந்தாலும் போட்டுத்தான் ஆவணும். என் பொய்ய மட்டும் வேற ஆளு சொமக்க முடியாது."

பேனாவால் எழுதிப் பதிவேட்டை பீரோவில் பூட்டலாம் என்றார் பாஸ்டர். சிரித்தாள்.

14, ஞாயிறு. மகாபலிபுரத்துக்குத் தெற்கே. கடல் கொஞ்சம் முரட்டுத்தனம்.

எடுத்துப் போனவை: துண்டு 6, டீ கேன் 1, பதிவேடு, பேனா (நீலம்).

வலை உதறிக்கொண்டிருந்த இருவர்:

"இன்னா மச்சான், மெம்பரு துணியோட குளிக்குது?"

"எலக்சன் வருதோ இன்னாவோ."

அலை முதலில் பாஸ்டரை முழுக்கியது. பதிவேட்டில் ஏற்றவில்லை. அடுத்து எல்லம்மா. பிதா குமாரன் பரிசுத்த ஆவி. எழுந்தவள் உப்புத்தண்ணீர் துப்பினாள், இருமினாள், மூக்கைச் சிந்தினாள். முகத்தில் ஒளி எதுவும் இல்லை. இத்தனை வருடத்தில், கரையில் யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் இறங்கியவர் இவள் ஒருத்தி. நான் இரண்டு முறை திரும்பினேன்; நினைவிருக்கிறது.

புதுப் பெயர் எஸ்தர் என்றார் பாஸ்டர்.

"எல்லம்மான்னே இருக்கட்டும் ஐயா. ஓட்டு போட்டவங்களுக்கு அந்தப் பேருதான் தெரியும்."

எழுதினேன். முதல் எழுத்து கோணல். பேனாவை அழிக்க முடியாது.

டீயில் சர்க்கரை போதவில்லை.

16, செவ்வாய். மேகமூட்டம்.

பஸ்ஸில் ஒன்றிய அலுவலகம். துணைக்கு நான். ராஜினாமாக் கடிதத்தை கிளார்க் இரண்டு தடவை படித்தார்.

"காரணம் இன்னாமா?"

"ஞானஸ்நானம் எடுத்துட்டேன் சார்."

"அத யாராச்சும் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முத்திரை குத்தினார். "மழ வரும், பாத்துப் போங்கம்மா" என்று எழுந்து நின்றார். மெம்பராக இருந்தவரை அவளுக்கு எவரும் அங்கே எழுந்ததில்லை.

வழியில் இரண்டு வடை. அவள்தான் வாங்கித் தந்தாள். எனக்கு மெல்ல முடியவில்லை.

22, திங்கள். மழை.

பல் பிடுங்கியாயிற்று. ஒன்றிய அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: நான்காம் வார்டு, காலியிடம்.