இடப்பக்கம் மூன்றாவது தோள்

ரோக்கா லவீனா
ஜூன் 11

அன்புள்ள தம்பி ருஜ்ஜேரோவுக்கு,

நீ என் இடத்தைத் திருடிவிட்டாய். புனித எமிதியோவின் சப்பரத்தில், இடப்பக்கத் தண்டில், மூன்றாவது தோள். அப்பா இருந்தவரை அது அப்பாவுடையது. அவர் போனபின் மூன்று திருவிழாக்களாக அது என்னுடையது. சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு சபைத் தலைவர் உபால்தோவுக்கு நீ நாலு வரி எழுதியிருக்கிறாய். ஆகஸ்டில் உன் சுற்றுலா விருந்தாளிகளோடு வருகிறாயாம், குயின்தோவின் மகன் என்ற முறையில் சப்பரம் தூக்க ஆசையாம். இப்போது அது உன் இடம் என்கிறார்கள். என்னிடம் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கே நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, ஆனாலும் உனக்காக ஆலிவ் காயில் இறைச்சி அடைத்து இப்போதே உறைபெட்டியில் சேர்க்கத் தொடங்கிவிட்டாள். நான் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்று மேலே உன் பெயர் எழுதிய சீட்டு வேறு. நீ நலமாக இருப்பாய் என்று தெரியும். உன் படங்களைத்தான் தினமும் பார்க்கிறேனே.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன். உன் விருந்தாளி பல் மருத்துவர் நாளை ஊர் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஒரு வாரம் மலைக்காற்று வாங்கிய மனிதர், இதையாவது சுமக்கட்டும்.

சேதி தெரிந்த அன்று காப்பிக்கடைக்குப் போய் உபால்தோவிடமே கேட்டேன். அவர், "என்னம்மா டெல்ஃபினா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? உக்காரு, காப்பி குடி" என்றார். நான் உட்காரவில்லை. "மகன் வந்தா மகனுக்கு. இது நான் போட்ட சட்டமா? நீ நல்லாத்தான் தூக்குன, யாரு இல்லேன்னா? ஆனா ஆள் இல்லாதப்பத் தூக்குன. இப்ப ஆள் இருக்கு" என்றார். பக்கத்து மேசையில் நாத்ஸரேனோ சீட்டாடிக்கொண்டிருந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறானே, எனக்குப் பின்னால் நான்காவது தோளில் நிற்பவன், அவன்தான். சீட்டைப் பார்த்தபடியே, "ஆள் மட்டுமா வருது? கூட இருபது கேமராவும்ல வருது" என்றான். உபால்தோவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வரட்டுமேடா, உனக்கென்ன எரியுது? ஒரு வீடு காலியா இருக்காது, ஒரு மேசை காலியா இருக்காது. ருஜ்ஜேரோ வந்தா ஊருக்கே லைட்டு போட்ட மாதிரி."

எரிந்தது நாத்ஸரேனோவுக்கு அல்ல. எனக்கு.

ஜனவரியில் வந்து பார், ஊருக்கு லைட் போடுவது யார் என்று தெரியும். எமிதியோ தடுக்காமல் விட்ட அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கியவர்கள் மேலே ஏறவே இல்லை. இரவில் வெளிச்சம் தெரியும் ஜன்னல்களை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம். அதில் ஒன்று நம்முடையது. மற்ற வீடுகளின் சாவிகளெல்லாம் என் இடுப்பில் தொங்குகின்றன. குழாய் உறைந்து வெடிக்காமல் பார்ப்பது, எலி செத்துக் கிடந்தால் அள்ளிப் போடுவது, ஏப்ரலில் விரிப்பு மாற்றி, ரயில் நிலைய வாசலில் நின்று, உன் ஆட்களை வேனில் ஏற்றி மேலே கொண்டுவருவது எல்லாம் நான்தான். போன மாதம் ஒரு பெண்மணி வாசலில் நின்றபடி, "இங்க நிஜமாவே யாராவது குடியிருக்காங்களா?" என்று என்னிடமே கேட்டாள். அவளுடைய பெட்டி என் கையில் இருந்தது.

ஊர் மொத்தமும் தெரியும் அந்த வளைவில் வேனை நிறுத்தச் சொல்லி நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய் அல்லவா? நிறுத்துகிறேன். இறங்குகிறார்கள். பெருமூச்சு விடுகிறார்கள். ஒருத்தி அழக்கூட அழுதாள். போன வாரம் நானும் கூட நின்று பார்த்தேன். நம் வீட்டு ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது, காலையில் எடுக்க மறந்துவிட்டேன். அதைத்தான் எல்லோரும் போட்டிபோட்டுப் படமெடுத்தார்கள். என் உள்பாவாடை இந்நேரம் ஒஹையோவில் யார் வீட்டுச் சுவரிலோ தொங்கும்.

உன் விளம்பரப் புத்தகத்தையும் படித்தேன். "காலம் நின்றுபோன ஊர்" என்று போட்டிருக்கிறாய். காலம் நிற்கவில்லை தம்பி, பேருந்துதான் நின்றுவிட்டது. மருந்து வாங்கக் கீழே போக வேண்டும். "என் அக்கா இன்றும் கையாலேயே மாவு பிசைந்து சமைக்கிறாள்" என்றும் போட்டிருக்கிறாய். அக்கா கீழே பேரங்காடியில் பாக்கெட் வாங்கித் தண்ணீரில் போடுகிறாள். அவளுக்கு நேரம் இல்லை, உன் விருந்தாளிகளின் குளியலறையைத் தேய்க்கிறாள்.

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம், பொறாமைதான். நீ இந்த ஊரை நேசிக்கும் விதத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஊரின் வெயிலை மட்டும் எடுத்துக்கொள்கிறாய். திராட்சை, மணியோசை, மாலையில் சிவக்கும் கல் எல்லாம் உனக்கு. பிப்ரவரி எனக்கு. பார்த்துவிட்டுப் போகிறவனுக்குத்தான் ஊர் சொந்தமாக இருக்கிறது. இருக்கிறவளுக்கு அது வேலை. எனக்கென்று இருந்தது வருடத்தில் ஒரே ஒரு மத்தியானம். கோயில் வாசலிலிருந்து கோட்டை உச்சிவரை, தோளில் மரம், கண்முன்னால் இரண்டாவது தோள் ஜேனோவின் பிடரி, கீழே கல். அந்த நேரத்தில் ஊர் என் மேல் இருக்கும். அதைத்தான் நீ கேட்டாய், அதைத்தான் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அவள், "பையன் தூக்கட்டும்டி. அவன் எப்பவாவதுதான வர்றான். நீ எப்பவும் இங்கதான கெடக்கே" என்றாள். கிடக்கிறேன்.

அதோடு விடவில்லை. அப்பாவின் தோள்மெத்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். நீ கேட்டாயாமே, எடுத்து வைக்கச் சொல்லி. நான் அப்பாவைவிட நாலு விரல் குள்ளம். தண்டு சாயாமல் இருக்க அதைப் பிரித்து, இன்னும் கம்பளி அடைத்து, எனக்கென்று தைத்து வைத்திருந்தேன். உனக்கு அப்பாவின் உயரம். "அதப் பிரிச்சு, கொஞ்சம் மெலிசா தச்சு வையேன், பிள்ளைக்குக் கழுத்து வலிக்கப் போவுது" என்கிறாள் அம்மா. என்னையே. என் கையாலேயே.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்ல மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த வாக்கு போகட்டும்.

கெல்சியைக் கட்டிக்கொண்டு நீ முதன்முறை வந்த வருடம். இரும்புக்கடை ஜேனோவுக்குக் குடலிறக்கம் என்று அவனுடைய இரண்டாவது இடம் காலியாக இருந்தது. அப்பா கெஞ்சி உன்னை அதில் நிறுத்தினார். நீ முன்னால், அவர் உனக்குப் பின்னால். தூக்குகிறவன் தலை நிமிரக் கூடாது என்று உனக்குச் சொல்லித்தான் நிறுத்தினார்கள். முன்னால் நிற்பவன் பிடரியைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது. கொல்லன் தெரு வளைவில், ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில், கெல்சி மேல் ஜன்னலிலிருந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நீ நிமிர்ந்து சிரித்தாய். உன் தோள் இறங்கியது. உன் பங்குச் சுமை அப்பாவின் தோளில் போய் உட்கார்ந்தது. காறை எலும்பு முறிந்தது. அவர் சத்தம்கூடப் போடாமல் உச்சிவரை தூக்கினார்.

மறுநாள் நான்தான் கீழே ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனேன். ஆலிவ் தோப்பில் வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொன்னார். வண்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பிகிட்டச் சொல்லிராத. பாவம், பிளேன் ஏறப்போற நேரத்துல மனசு கஷ்டப்படுவான்" என்றார். அதற்குப் பிறகு இடக்கை தலைக்கு மேலே போகவில்லை. உயரக் கிளைகளில் எல்லாம் நான்தான் ஏறிப் பறித்தேன். அவர் அதனால் சாகவில்லை, மிகைப்படுத்த மாட்டேன். நெஞ்சு நின்று செத்தார். ஆனால் கடைசிவரை சட்டை மாட்டிவிட ஆள் வேண்டியிருந்தது.

கெல்சி அந்த நொடியில் எடுத்த படம்தான் உன் புத்தகத்தின் அட்டை. நன்றாகப் பார். நீ வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறாய். உன் முதுகுக்குப் பின்னால் குனிந்த நரைத்த தலை ஒன்று தெரிகிறது. அது அப்பா. அந்தப் படத்தில் அவருடைய எலும்பு முறிந்துகொண்டிருக்கிறது.

எனக்கு வலிப்பது அதுவல்ல. அவர் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் தன் கட்டிலுக்கு மேலே மாட்டினார், அதுதான். வந்தவர்களிடமெல்லாம், "எம் மவன் மொகத்தப் பாருங்க, எப்படி மின்னுது" என்பார். நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டபடி கேட்டுக்கொண்டிருப்பேன். நான் தூக்கிய மூன்று வருடமும் ஊரார் எத்தனையோ படம் எடுத்தார்கள். எதிலும் என் முகம் இல்லை. தலை குனிந்திருந்தேன்.

இம்மாதக் கடைசி ஞாயிறு, பூசை முடிந்ததும் பெயர்களை வாசிப்பார்கள். அதற்குள் உபால்தோவுக்கு எழுது. "அந்த இடம் என் அக்காவுடையது" என்று எழுது. வேறு விளக்கம் வேண்டாம். நீ வா, கெல்சியோடு வா, ஆலிவ் தின்னு, தெருவோரம் நின்று எத்தனை படம் வேண்டுமானாலும் எடு. மெத்தையை நான் இன்னும் பிரிக்கவில்லை.

எமிதியோ உன் வீட்டுச் சுவர்களை அசையாமல் காக்கட்டும்.

உன் அக்கா,
டெல்ஃபினா


ரோக்கா லவீனா
ஜூலை 7

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிறு வந்து போய்விட்டது. "இடப்பக்கம் மூன்றாவது, குயின்தோவின் மகன் ருஜ்ஜேரோ" என்று வாசித்தார்கள். அம்மா விரல் நுனியை முத்தமிட்டு மேலே அப்பாவுக்குக் காட்டினாள். உபால்தோ என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றிரவு நீ அம்மாவோடு வெகுநேரம் பேசினாயாம். ஆலிவைப் பற்றி, அவளுடைய முழங்காலைப் பற்றி, நீ வாங்கிய புதுக் காலணியைப் பற்றி. அக்கா எழுதியது வந்ததா என்று அவளே கேட்டிருக்கிறாள். "வந்துச்சும்மா, படிச்சேன்" என்றாயாம். அதற்குமேல் ஒன்றும் இல்லையாம். ஆக, தொலைந்துபோகவில்லை. பல் மருத்துவர் நேர்மையான மனிதர்.

நேற்று முதல் ஒத்திகை. நீ ஆகஸ்டில்தான் வருவாய் என்பதால் உன் இடத்தில் நிற்க ஆள் வேண்டும். உபால்தோ வீட்டு வாசலுக்கே வந்து, "ஒத்திகைக்கு மட்டும் நீ நின்னு குடும்மா, உனக்குத்தான் பழக்கம்" என்றார். வெட்கமே இல்லை. எனக்கும் இல்லை, போனேன். அந்த மெத்தையை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

புனிதரின் சொரூபம் இல்லை, தண்டும் மேலே மணல் மூட்டைகளும்தான். கோயில் வாசலிலிருந்து எப்போதும் போலப் போனோம். ஜேனோவின் பிடரியில் புதிதாக ஒரு கொப்புளம். கொல்லன் தெரு வளைவு வந்தது. அங்கே நான் வேண்டுமென்றே ஒன்று செய்தேன். தலையைத் தூக்கினேன். கெல்சி நின்ற ஜன்னலைப் பார்த்தேன். அது மூடியிருந்தது, அந்த வீட்டுச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

அடுத்த நொடியே நாத்ஸரேனோ பின்னால் அலறினான். "தலையக் கீழ போடுடி சனியனே, என்னக் கொல்லப் பாக்கறியா?" உடனே குனிந்துவிட்டேன். மேலே போய்ச் சேர்ந்ததும் அவன் தோளைத் தேய்த்தபடி, "மூணு வருசமா ஒழுங்காத்தான இருந்த, உனக்கு என்ன வந்துச்சு இப்ப?" என்றான். ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, தெரிந்துவிட்டது என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவனுக்கு ஒரு காப்பி கடன்பட்டிருக்கிறேன்.

ருஜ்ஜேரோ, இடத்தை நான் இனிக் கேட்கப்போவதில்லை. வந்து நில். மெத்தையை நான் பிரித்துத் தைக்க மாட்டேன், வேண்டுமானால் கெல்சி தைக்கட்டும். அம்மா அழுதாலும் சரி.

எனக்கு ஒன்று மட்டும் எழுது. தலையைத் தூக்கியதும் சுமை போய்விடுகிறது. கொஞ்சம் குறைவதல்ல, முழுக்கப் போய்விடுகிறது. தோளில் காற்றுதான் இருக்கிறது, உடம்பே மேலே எழுவது போல இருக்கிறது. யாரோ உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டால்தான் அது போகும். மூன்று வருடம் தூக்கிய எனக்கு நேற்றுதான் தெரிந்தது. ஆனால் அது பின்னால் நிற்பவன் மேல்தான் போகிறது என்பதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

அன்றைக்குக் கெல்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாயே, அப்போது உனக்குத் தெரிந்ததா, இல்லையா? எழுது.

உன் அக்கா,
டெல்ஃபினா